அண்டியாபீஸ் கணக்கு

குளச்சல் வெற்றித்தூணைக் காட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வரிசையில் கூட்டிப்போனார்கள். 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை இங்கே டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. வாத்தியார் இவ்வளவும் சொல்லித் தந்தார். அன்று தோற்ற படை ஒரு வியாபாரக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்த படை என்பது பல வருடம் கழித்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

1602-இல் பங்குதாரர்களின் பணத்தில் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது, கோட்டைகள் இருந்தன. மலையாளக் கரையின் நல்லமிளகைத் தான் ஒப்பந்தம் போட்ட விலைக்கு வேறு யாருக்கும் போகாமல் வாங்க வேண்டும் என்பது அதன் ஆசை. குளச்சலில் அந்த ஆசை முறிந்தது. எங்கள் ஊர் அதற்காகப் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1743-இல் மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கினார். பணம் நாட்டுக்குள்ளேயே நின்றது, படையும் கோட்டையும் வலுத்தன. மிளகுக்கொடி வளர்த்தவன் மட்டும் முன்பு போலவே இன்னொருவர் வைத்த விலைக்குத் தன் மிளகை அளந்து கொடுத்தான்.

உலக வியாபாரத்தில் நீதி இருக்கிறதா என்று பார்க்கக் கப்பலில் பறக்கும் கொடியைப் பார்த்தால் போதாது, பொருளைத் தொட்ட முதல் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். மிளகுக் காலத்தை நான் பார்த்ததில்லை. முந்திரிக் காலத்தில் வளர்ந்தவன் நான்.

என் சிறுவயதில் குளச்சலிலிருந்து கருங்கல், திங்கள்சந்தை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் வழியில் ஓர் அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, இருக்கும். கட்டடம் தெரிவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். கொட்டையை டிரம்மில் போட்டு வறுக்கும்போது எழும் கரும்புகை தொண்டையைப் பிடிக்கும். விடிவதற்குள் தூக்குப்பாத்திரத்தில் பழஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு பெண்கள் கூட்டமாக ரோட்டில் போவார்கள். ஆண்களுக்குக் கடல் இருந்தது, பனை இருந்தது, கொத்து வேலை இருந்தது. படிக்க வைக்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அண்டியாபீஸ்தான் இருந்தது. என் பெரியம்மை பாவாடை கட்டிய வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள்.

உள்ளே வேலை பல பகுதியாகப் பிரிந்திருக்கும். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் அடித்து, பருப்பு உடையாமல் எடுப்பது அண்டி தல்லுதல். எடுத்த பருப்பை போர்மா என்ற சூட்டறையில் வைத்துக் காயவைப்பார்கள். காய்ந்த பருப்பின் தொலியை நகத்தாலும் சிறு கத்தியாலும் நீக்குவது பீலிங். நிறமும் அளவும் பார்த்துப் பிரிப்பது கிரேடிங். கடைசியில் டின்னில் அடைத்து, காற்றை எடுத்துவிட்டு மூடினால் பெட்டி கப்பலுக்குத் தயார். போர்மாவிலும் வறுக்கும் டிரம்மிலும் ஆண்கள் நின்றார்கள், அவர்களுக்கு நாள் சம்பளம். தல்லுகிற பெண்ணுக்கும் தொலி எடுக்கிற பெண்ணுக்கும் கிலோ கணக்கில் கூலி.

முந்திரித் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அதில் அனகார்டிக் அமிலமும் கார்டால் என்ற பொருளும் உண்டு. தோலில் பட்டால் பொள்ளும், கறுக்கும், பிறகு உரியும். அடுப்புச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் பெரியம்மை வேலைக்கு உட்காருவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். "தொடப்பிடாது மக்களே, பொள்ளிப்போவும்" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொள்வாள். சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற வேலையை என் அம்மைக்கு விட்டுவிடுவாள். இந்த எண்ணெய்க்கும் உலகச் சந்தை உண்டு. வாகனங்களின் பிரேக் லைனிங்குக்கும் பெயிண்டுக்கும் பிசினுக்கும் அது வேண்டும். அதனால் எண்ணெய்க்கு விலை இருந்தது. எண்ணெய் பட்டு வெந்த விரலுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை.

இனி உலகச் சந்தை கேட்கும் தரம் என்ன என்று பார்ப்போம். ஏற்றுமதியில் மிக அதிகமாகப் புழங்கும் ரகம் டபிள்யூ 320. ஒரு பவுண்டு எடையில் ஏறக்குறைய 320 முழுப் பருப்பு நிற்கும் என்று அதற்குப் பொருள். 25 பவுண்டு கொள்ளும் ஒரு டின்னில் 8,000 பருப்பு. அதாவது 8,000 முறை கட்டை விழுந்திருக்கிறது, அத்தனை முறையும் உள்ளே இருந்த பருப்பு கீறாமல் வெளியே வந்திருக்கிறது. பருப்பு பிளந்தால் விலை குறையும், துண்டானால் இன்னும் குறையும். நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கிற வாங்குபவர் முழுப் பருப்புக்குக் கூடுதல் விலை கொடுத்தார். அந்தக் கூடுதல் விலை முதலாளியோடு நின்றது. உடைந்தால் வருகிற நட்டம் மட்டும் கூலிக் குறைப்பாக, கல்லுக்கு முன்னால் குந்தியிருந்த பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

பெரியம்மை வேலை செய்த ஆலையின் எடை மேசையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். தட்டில் பருப்பு விழும், மேஸ்திரி ஒரு எண்ணைச் சொல்லுவார், கணக்கப்பிள்ளை அதை எழுதுவார். கழிவு என்று ஒரு பங்கு குறையும். தராசைத் திருப்பிப் பார்க்கும் உரிமை அளக்கப்பட்டவளுக்குக் கிடையாது. கேள்வி கேட்டால் மறுநாள் நல்ல கொட்டை கிடைக்காது. பொடிக் கொட்டையாகத் தள்ளிவிடுவார்கள். அந்த முதலாளி கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் சேலை கொடுப்பார். கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் பக்கத்துக் கல்யாணத்துக்கும் தாராளமாகக் கொடுப்பார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். பெரியம்மை ஒருநாள் என் அப்பாவிடம் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை: "சேலை தரண்டாம் கொழுந்தா, தராசு ஒழுங்கா நின்னா போதும்."

வணிக அறம் பற்றி நான் படித்த எல்லாப் புத்தகங்களுக்கும் முன்னால் அந்த ஒரு வாக்கியத்தை வைக்கிறேன்.

இந்த ஆலைகள் ஏன் எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு பெருகின? அதற்கு ஒரு எல்லைக்கோட்டின் கதை உண்டு. முந்திரித் தொழிலின் தலைநகர் கொல்லம். அங்கே பெண் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், குறைந்தபட்சக் கூலியைப் பெற்றார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று முதல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் கூலிச் சட்டம், இந்தப் பக்கம் இன்னொன்று. கேரளத்தில் கூலி ஏற ஏற, முதலாளிகள் பலர் கொட்டை மூட்டையை லாரியில் ஏற்றி எல்லை தாண்டி இங்கே தல்ல வைத்தார்கள். கேரள அரசு 1969-இல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது, 1974-இல் ஆலைகளைக் கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது, 1979-இல் தொழிலாளர் நல நிதிச் சட்டம் செய்தது. இவை எல்லாம் கொல்லத்துப் பெண்கள் போராடி வாங்கியவை. அந்தப் போராட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த மூலதனம் எங்கள் ஊரில் வேலை கொடுத்தது. எங்கள் அடுப்பு எரிந்ததும் அதனால்தான், எங்கள் கூலி குறைந்து நின்றதும் அதனால்தான்.

இதே கதை கடல் தாண்டியும் நடந்தது. முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரோடு 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது; அதே கப்பல்காரர்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் அதை நட்டார்கள். நம் மரங்களின் விளைச்சல் நம் ஆலைகளுக்குப் போதவில்லை. தான்சானியா, மொசாம்பிக், பிற்காலத்தில் ஐவரி கோஸ்ட், கினி பிசாவ், பெனின் என்று ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியிலும் கொச்சியிலும் வந்து இறங்கியது. மொசாம்பிக் ஒரு காலத்தில் உலக முந்திரி உற்பத்தியில் முதல் வரிசையில் இருந்த நாடு. தன் கொட்டையைத் தானே உடைக்க ஆலைகள் வைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் நொறுங்கிய அந்த நாட்டிடம், பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கான வரியைக் குறைக்க வேண்டும் என்று 1990-களின் நடுவில் உலக வங்கி நிபந்தனை வைத்தது. வரி குறைந்தது. கொட்டை உடைபடாமலேயே இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஏறத்தாழ 10,000 பேர் வேலை இழந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து ஆலைகளில் கொட்டை மூட்டைக்குக் குறைவில்லை. மூட்டையின் மேல் போர்த்துக்கீசிய எழுத்து இருக்கும். அதைப் பார்த்த பெண்களுக்கு, தங்களைப் போலவே அங்கே ஒருத்தி வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிய வழியில்லை. ஆலைக்காரருக்கு விலை தெரியும், ஏஜென்டுக்குக் கப்பல் தெரியும், உலக வங்கிக்கு வரி விகிதம் தெரியும். இரண்டு கரையிலும் கை வெந்த பெண்களை மட்டும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருந்தது இந்த வியாபாரம்.

இது அன்று. இன்றைக்கு வருவோம்.

மாற்றம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. டிரம் வறுவல் பெரும்பாலும் போய் நீராவியில் வேகவைக்கிறார்கள், புகை குறைந்திருக்கிறது. கல்லும் கட்டையும் இருந்த இடத்தில் கையாலும் காலாலும் இயக்கும் வெட்டும் இயந்திரம் வந்திருக்கிறது, பெரிய ஆலைகளில் தானே வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேராகத் தொலி எடுக்க வந்த சிறுமிகளை இப்போது காண்பதில்லை. எங்கள் மாவட்டத்துப் பெண்கள் படித்தார்கள், அதுதான் பெரிய காரணம். இ.எஸ்.ஐ. அட்டையும் வருங்கால வைப்பு நிதி எண்ணும் உள்ள தொழிலாளர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்களில் வயதானவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள், பக்கத்தில் வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வியாபாரமும் மாறிவிட்டது. 2000-களின் நடுவில் வியட்நாம் ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. ஐவரி கோஸ்ட் உற்பத்தியில் முன்னே போய்விட்டது, அங்கேயே உடைக்கவும் தொடங்கிவிட்டது. 2024-இல் பெனின் பச்சைக் கொட்டை ஏற்றுமதியையே தடை செய்தது. மொசாம்பிக் பட்டதைப் பார்த்து ஆப்பிரிக்கா கற்றுக்கொண்டிருக்கிறது. அது அவர்கள் உரிமை. இங்கே 2016 பட்ஜெட்டில் இறக்குமதிக் கொட்டைக்கு 5 சதவீதம் சுங்கவரி போட்டதும் பல ஆலைகள் திணறின. 2018-இல் அதைப் பாதியாக்கினார்கள். போட்டி கடுமையானது என்று முதலாளிகள் சொல்வது உண்மை. வியட்நாமில் போதை மறுவாழ்வு முகாம்களில் அடைக்கப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தி முந்திரி உடைக்க வைத்ததை 2011-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளிப்படுத்தியது. அப்படி உடைத்த பருப்போடு விலையில் போட்டியிட வேண்டிய சந்தையில், நேர்மையாகக் கூலி கொடுக்கும் ஆலைக்காரரும் நசுங்குகிறார். அதனால்தான் பொறுப்பு ஆலை வாசலோடு நிற்கக் கூடாது என்கிறேன். விலையை முடிவு செய்கிறவரிடம் அது போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேருவதற்கான சட்டங்கள் இல்லாமல் இல்லை. தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகளை 2011-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றது. ஜெர்மனியின் வழங்கல் தொடர்ச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தன் பெரிய நிறுவனங்களுக்கு, வழங்கல் தொடரில் மனித உரிமை மீறலைக் கண்டறிந்து தடுக்கும் கடமையை விதித்தது, மறு ஆண்டே அதன் தொடக்கத்தைத் தள்ளிவைத்தது. இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது என்று அதன் விதி தெளிவாகச் சொல்கிறது. சரியான விதி. கூலியும் பாதுகாப்பும் தொண்டு ஆகாது, அவை கடன். பள்ளிக்கூடத்துக்குக் கணினியும் தெருவுக்கு விளக்கும் கொடுப்பது நல்ல காரியம். கடனை வைத்துக்கொண்டு தானம் செய்தால் புண்ணியம் கடன் வைத்தவனுக்குச் சேராது என்று எங்கள் ஊரில் கைநாட்டு வைக்கிற கிழவிக்கும் தெரியும்.

சட்டம் எப்படி எங்கள் மேசைக்கு வருகிறது? சோதனைக்காரர்களாக வருகிறது. வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் ஆள் வருவதற்கு முந்தின நாள் ஆலை கழுவப்படுகிறது, கையுறை கொடுக்கப்படுகிறது, கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. கையுறை போட்டால் வேகம் குறையும், கிலோ குறைந்தால் கூலி குறையும்; அதனால் சோதனை முடிந்ததும் அந்தப் பெண்ணே கையுறையைக் கழற்றி வைக்கிறாள். கிலோ கூலியை மாற்றாமல் கையுறை மட்டும் கொடுத்தால், காப்பாற்றியதாகப் படம் கிடைக்கும், கை காப்பாற்றப்படாது. எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்ன பெண்களிடம் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆலையைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டு மறுநாளும் அதே ஆலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

பெரியம்மையின் பேத்தி இப்போது வளைகுடாவில் நர்ஸ். அங்கே ஒரு பெரிய கடையில் முந்திரிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். "மாமா, இதுல கொழுப்பு எத்தன, உப்பு எத்தன எல்லாம் போட்டிருக்கு. தல்லுன எடம் மட்டும் போடல்ல" என்றாள். தன் பாட்டியின் விரல் நுனி கடைசிவரை கறுத்தே கிடந்ததைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். பாட்டிக்கு வேலை முடிந்தபோது பணிக்கொடை இல்லை. 1972-இன் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் போதும் என்றது. ஆனால் அந்த ஆலை நடுநடுவே மூடி வேறு பெயரில் திறந்ததில், அவளுடைய தொடர்ச்சி காகிதத்தில் இல்லாமல் போயிருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, செய்து காட்டிய இடம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதற்கு முன்பே, 2013-இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, ஆடை நிறுவனங்கள் சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2021-இல் திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. ஆலையில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்காவிட்டால் அந்த ஆலைக்குத் தரும் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்று அவர்கள் தம்மையே கட்டிக்கொண்டார்கள். தொழிலாளர்களிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் ஒவ்வொரு பகுதியிலும் கண்காணிக்க அந்த ஒப்பந்தம் வழி செய்தது. வெளியிலிருந்து வருடத்தில் ஒருநாள் வரும் சோதனைக்காரரைவிட, தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும்.

அண்டியாபீஸுக்கும் இதுதான் வழி. முந்திரி வாங்கும் நிறுவனங்கள் தாங்கள் எந்த ஆலையிலிருந்து வாங்குகிறோம் என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஆலை வாசலிலும் அன்றைய கிலோ கூலி தமிழிலும் இந்தியிலும் எழுதித் தொங்க வேண்டும். எடை காட்டும் எண் அளக்கப்படுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு எவ்வளவு உடைக்க முடியுமோ அதை வைத்துக் கிலோ கூலி கட்டப்பட வேண்டும். வாங்குகிற விலை இதற்கெல்லாம் இடம் கொடுக்கிற விலையாக இருக்க வேண்டும். இதில் ஒன்றுக்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை.

இதை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் சொல்லி முடிக்க முடியாது. முந்திரியை மிக அதிகமாக உண்ணும் நாடுகளில் இந்தியா இன்று முன்வரிசையில் இருக்கிறது. நம் பாயசத்திலும் கத்லியிலும் விழுகிற பருப்பும் அதே பெண்களின் கையைத் தாண்டித்தான் வருகிறது. அடுத்த முறை கடையில் முந்திரி வாங்கும்போது, இது எந்த ஊர் ஆலையில் உடைத்தது, அங்கே கிலோவுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது. நாலு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார், மொத்த வியாபாரி ஆலையைக் கேட்பார். வாங்குகிறவர்கள் கேட்காத கேள்விக்கு எந்த வியாபாரமும் இதுவரை பதில் சொன்னதில்லை.